வெந்நீர்க் குழாயை மூடிய மாதம்

தை 20, ஞாயிறு

சிவப்புப் புள்ளியை அழுத்தினால் போதும், பேசலாம் என்று ஜெசிந்தாம்மா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் தேதி, கிழமை, அப்புறம் பேர். பேர் பக்கிரிசாமி. ஊர் பூந்தாழங்குடி, கீழத்தெரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இந்தப் போன். நான் பேசுவதை அவர்கள் ஆபீசில் எழுத்தாக்கிக்கொள்வார்களாம். இங்கிலீஷ் மாசக் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார்களாம். ஊரில் பத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னத்தைப் பேசுவது என்று கேட்டேன்.

"அன்னன்னைக்கு நடக்கதைச் சொல்லுங்க ஐயா. குழாயைப் பத்தி மனசுல என்ன தோணுதோ, அதையும் சொல்லுங்க."

அந்தம்மாவுக்கு நாகர்கோயில் பக்கம். பேச்சு ஒரு மாதிரி ராகமாக இருக்கும்.

குழாயைப் பற்றி என்னைவிட யார் சொல்ல முடியும்? எண்பத்தாறாம் வருஷம் பங்குனி மாசம் எண்ணெய் தோண்டுகிறோம் என்று ரிக் மெஷினைக் கொண்டுவந்து தெற்கு வயலில் நிறுத்தினார்கள். நான் மண் சுமந்தேன். என் மூத்த பெண் அப்போது இடுப்புக் குழந்தை. எண்ணெய் வரவில்லை. கொதிக்கிற தண்ணீர்தான் வந்தது. இரும்பு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாலு வருஷத்தில் மூடி துருப்பிடித்துக் கழன்றது. அன்றிலிருந்து ராத்திரி பகல் இல்லாமல் கொட்டுகிறது. வாய்க்காலில் ஓடிக் கொஞ்சம் ஆறிய இடத்தில் ஊரே குளிக்கிறது. பக்கத்தில் வெந்நீர் மாரி என்று ஒரு அம்மனை வைத்தோம். முதல் விளக்கு என் வீட்டுக்காரி மாரிக்கண்ணு ஏற்றியது. பிறந்த பிள்ளை வாயில் அந்தத் தண்ணீரைச் சங்கில் விடுகிறது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கறை இருக்கும். வெளியூர்க்காரன் "குழாய்ப் பல்லு" என்று கேலி பண்ணுவான். பண்ணிவிட்டுப் போகட்டும், அது அம்மன் வைத்த அடையாளம்.

இப்போது டெல்லி சர்க்கார் பெரிய தொகை ஒதுக்கி, ஐஸ்லாந்து என்கிற தேசத்தோடு ஒப்பந்தம் போட்டு, பூமிக்குள் இருக்கிற சூட்டை மேலே இழுத்து வேலை வாங்க முடியுமா என்று பார்க்கிறார்கள். ஜெசிந்தாம்மா அந்தத் திட்டத்து ஆபீஸ் ஆள்தான். இங்கே முதல் வேலை நெல் காயவைப்பது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுகிறான் இல்லையா, அதற்கு.

தண்ணீர் பிடிக்க நேரமாகிறது. நாளைக்குப் பேசுகிறேன்.

தை 21, திங்கள்

வெள்ளாடு குட்டி போட்டது. இரண்டும் கிடா. மாரிக்கண்ணுக்கு ராத்திரி முழுக்க இடுப்பு வலி.

தை 24, வியாழன்

இன்றைக்கு மனசு சரியில்லை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். சொல்லத்தானே போன் கொடுத்திருக்கிறீர்கள்.

ஐஸ்லாந்துக்காரர் குன்னார் ஜெசிந்தாம்மாவோடு வீட்டுக்கு வந்தார். நல்ல உயரம், நிலையில் தலை இடித்துக்கொண்டார். வெயிலில் காது இரண்டும் செக்கச்செவேல் என்று பழுத்திருந்தது. வருவதற்கு முன்னாலேதான் வாய்க்காலில் பிள்ளைகளோடு குளித்துவிட்டு வந்திருக்கிறார், துண்டு இன்னும் தோளில். அவர்கள் ஊரிலும் இப்படித்தானாம், வெளியே பனி கொட்டும்போது வெந்நீர்க் குட்டையில் உட்கார்ந்துகொள்வார்களாம். பல்லைக் காட்டிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாரிக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் இருந்தாள். முதுகு வளைந்துவிட்டதால் அவளால் வந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. தலையைச் சாய்த்து, பக்கவாட்டில்தான் பார்ப்பாள்.

"மலை மாதிரி இருக்காரே. ஏங்க, குடிக்க எதாச்சும் குடுங்க" என்றாள்.

அவளுக்கென்று வைத்திருக்கிற தவலையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன்.

குன்னார் வாங்கிக்கொண்டு என்னமோ கேட்டார்.

"இது எங்க உள்ள தண்ணின்னு கேக்காரு ஐயா."

"குழாய்த் தண்ணிதாம்மா. விடியக்காலம் பிடிச்சி, பித்தளைத் தவலையில ஆறவச்சி, வேட்டித் துணியில வடிகட்டுனது. மாரிக்கு வாதம்ல, அதுக்கு மருந்து. எல்லாருக்கும் குடுக்கமாட்டேன். கடல் தாண்டி வந்துருக்காரு, அதான்."

ஜெசிந்தாம்மா இங்கிலீஷில் சொன்னார்கள். உதட்டு வரைக்கும் கொண்டுபோன டம்ளரைக் குன்னார் இறக்கினார். இன்னொரு தடவை கேட்டார். அந்தம்மா இன்னொரு தடவை சொன்னார்கள். அந்த ஆளுடைய முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. மாரிக்கண்ணுவின் முதுகைப் பார்த்தான், முட்டியைப் பார்த்தான், தவலையைப் பார்த்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டான்.

என் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வருஷம், யார், எந்த வாசலில் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் கூடக் குளித்துவிட்டு வந்தவன் இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை.

"வெள்ளக்காரனுக்கு வயிறு ஒத்துக்காதுங்க, விடுங்க" என்றாள் மாரிக்கண்ணு. அவள் எல்லாரையும் விட்டுவிடுவாள்.

தை 26, சனி

ஜெசிந்தாம்மா மட்டும் வந்தார்கள். குன்னாருக்காக மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. பேனாவும் அட்டையுமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"அம்மை ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கும்?"

"டம்ளரா? ஒரு தவலை ஆவும்மா. கஞ்சிக்கும் அதான், மாத்திரை முழுங்கவும் அதான்."

"தொடக்கத்துல இருந்தே ஒரு தவலையா?"

"இல்ல இல்ல. முட்டி பிடிச்சப்ப அரைச் செம்பு குடுத்தேன். அப்பறம் இடுப்பு பிடிச்சிது, ஒரு செம்பாக்குனேன். முதுகு வளஞ்சதும் குடத்துல கொண்டாந்தேன். வலி கூடக்கூட நானும் கூட்டிக்கிட்டே வந்தேன். ஒரு நா விட்டதில்ல."

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மழை, புயல், காய்ச்சல் எதற்கும் நான் நின்றதில்லை. வேறு யார் பெண்டாட்டிக்கு இப்படிச் செய்திருக்கிறான்? அந்தம்மா எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார்கள்.

பிறகு காரில் வைத்து மாரிக்கண்ணுவைத் திருவாரூருக்குக் கூட்டிப்போய் எலும்பைப் படம் எடுத்தார்கள். ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்தார்கள், ஒரு ஊசியும் போட்டார்கள். திரும்பி வரும்போது காரில் இருக்கிற குளிர்ச்சியைப் பார்த்து, "மார்கழி மாசத்தைப் பெட்டியில போட்டு வச்சிருக்கான் பாருங்க" என்றாள்.

இறங்கும்போது ஜெசிந்தாம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "முடிவு வாற வரைக்கும் அம்மைக்கு அந்தத் தண்ணி குடுக்காண்டாம் ஐயா. குளிக்கட்டும், குடிக்காண்டாம்."

சரி என்றேன். குழாயை அளவெடுக்க மூடப்போகிறார்கள் அல்லவா, அதற்கு நம்மைப் பழக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

தை 29, செவ்வாய்

குழாயை மூடிவிட்டார்கள்.

புதுசாகச் சக்கரம் வைத்த மூடி ஒன்று கப்பலில் வந்தது. குன்னாரும் நாலு பேரும் சுற்றினார்கள். சுற்றச் சுற்ற கொட்டுகிற சத்தம் குறைந்தது, பிறகு சீறியது, பிறகு இல்லை. அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் அப்படியே நின்றோம். கீழத்தெரு நாய்கள் குலைத்தன. என் காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்திருக்கிறோம். அது சத்தம் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளந்து, அதை வைத்து மெஷினைத் தீர்மானிப்பார்களாம். மேலே வருகிற தண்ணீரின் சூட்டை மட்டும் உருவிக்கொண்டு, தண்ணீரை இன்னொரு குழி வழியாகத் திரும்பவும் பூமிக்குள்ளேயே அனுப்பிவிடுவார்களாம். மனுஷன் கை படாதாம். குன்னார் போனில் படம் காட்டினார். அவர்கள் ஊரில் பூமிச் சூட்டில் மீன் தலையை அடுக்கடுக்காகக் காயவைத்திருக்கிறார்கள். கருவாட்டுக்கு அவ்வளவு பெரிய கட்டடம்! நான் அவரோடு பேசவில்லை. படத்தை மட்டும் பார்த்தேன்.

முந்தின நாளே நான் இரண்டு தவலை, ஒரு பிளாஸ்டிக் டிரம் நிரப்பி வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஜெசிந்தாம்மா கேட்டால் குளிக்க என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அவர்களிடமே பேசிக்கொண்டிருக்கிறேனே! சரி, மாசக் கடைசியில்தானே கேட்பார்கள். கேட்கட்டும்.

மாசி 4, ஞாயிறு

நேற்று ராத்திரி காலமில்லாத காலத்தில் மழை. கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிக்கிடந்த நெல் அத்தனையும் நனைந்துவிட்டது. படுதாவைப் போட்டு மூடியும் அடியில் தண்ணீர். ஊர்த் தலைவர் கலியமூர்த்தி காலையில் என் வாசலில் வந்து உட்கார்ந்தான். கை முழுக்க நெல் ஒட்டியிருந்தது.

"மொளச்சிடும் பெரியப்பா. இன்னும் ரெண்டு நா போனா நாத்தங்காலுக்குத்தான் ஆவும். இந்த மெஷினு மட்டும் இருந்திருந்தா, அவன் ஈரம் ஈரம்னு குச்சிய உட்டுப் பாக்கவேண்டிய வேலையே இல்ல."

இவனே முதலில் இந்தத் திட்டத்துக்குக் குறுக்கே படுத்தவன். காஸ் எடுக்கிறோம் என்று முன்னே ஒரு கம்பெனி வந்தபோது, வயலில் பந்தல் போட்டு ஊரைக் கூட்டினது இவன்தான். நானும் அவனும் ஒரே வேனில் ஏறித் திருச்சி ஜெயிலுக்குப் போனவர்கள். அப்படிப்பட்டவனை ஜெசிந்தாம்மா நாலு மாதம் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தார்கள்.

டிரம் தண்ணீர் நேற்றோடு தீர்ந்துவிட்டது. மாரிக்கண்ணுக்கு இனி எப்படிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லாமல் பஞ்சாயத்து டேங்க் தண்ணீரையே தவலையில் ஊற்றி வைத்தேன்.

மாசி 12, திங்கள்

மாரிக்கண்ணு இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

கருவாட்டுக் குழம்பு. அவள் எப்போதும் நாலு வாய் தின்றதும் வயிறு எரிகிறது என்று தட்டைத் தள்ளுவாள். இன்றைக்கு, "இன்னுங் கொஞ்சம் போடுங்க, என்னா கணக்கு பாக்குறீங்க" என்றாள். மூன்று நாளாக ராத்திரியும் முனகவில்லை. திருவாரூரில் போட்ட ஊசிதான் காரணமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மனுக்கு நான் வேண்டிக்கொண்டது.

குழாய் திறந்ததும் முதல் தண்ணீர் இவளுக்குத்தான்.

மாசி 17, சனி

கீற்று வாங்கப் போனேன். கொட்டகைக்குப் பின்பக்கம் ஒழுகுகிறது. கட்டு நன்றாக இல்லை, ஓலை சின்னது, வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். குட்டிகளில் ஒன்று பால் குடிக்கமாட்டேன் என்கிறது. விரலில் தொட்டு வைத்துப் பார்த்தேன்.

ஆபீஸ் கொட்டகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

ஜெசிந்தாம்மா, குன்னார், ஒரு டாக்டர். டாக்டர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு என்ன தெரியும்? வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. எலும்பு இப்படி இருக்கக் கூடாதாம். குழாய்த் தண்ணீரில் ப்ளோரைடு என்று ஒரு உப்பு இருக்கிறதாம். பூமிக்குள் கொதிக்கும்போது பாறையிலிருந்து கரைந்து வருகிறதாம். குளித்தால் ஒன்றும் இல்லை, குடித்தால் எலும்பில் போய் ஏறும். பல்லில் காவிக் கறை, அதுவும் அதுதானாம். முட்டி, இடுப்பு, முதுகு.

"வாதம்னாங்களே" என்றேன்.

"இந்தப் பக்கத்துல இது கெடையாதுன்னு யாரும் யோசிக்கல பெரியவரே."

"வலி கூடுனப்பல்லாம் நான் கூடக் குடுத்தேன்."

டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார்.

ஜெசிந்தாம்மா அட்டையைக் கவிழ்த்து வைத்தார்கள். "தண்ணியை நாங்க முன்னாடியே பரிசோதிச்சோம் ஐயா. குழாய் அரிக்குமா, மெஷின் தாங்குமான்னுதான் பாத்தோம். ரெண்டு தேசத்து ஆளுவ உக்காந்து பாத்தோம். உப்பு இருக்குன்னு தெரியும். அதை யாராவது குடிப்பாங்கன்னு ஒருத்தரும் நினைக்கல. நானும் கேக்கல. அன்னைக்கு உங்க வீட்டுல டம்ளரைப் பாத்த பெறகுதான்…"

குன்னார் இரண்டு கையையும் தலையில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் தண்ணீரை வாங்க மறுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் தந்த தண்ணீருக்காக ஒரு ஆள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நிறுத்துனா சரியாயிடுமா?"

"எலும்புல ஏறுனது இறங்காது. வயித்து எரிச்சல் போயிடும், வலி கொஞ்சம் தணியும். இனிமே கூடாது, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தேன். "என்னா சொன்னாங்க?" என்று மாரிக்கண்ணு தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"டெல்லியிலேருந்து பணம் வர லேட்டாவுதாம். மெஷினு அடுத்த போகத்துக்குத்தானாம்" என்றேன்.

மாசி 18, ஞாயிறு

ஆட்டுக்குத் தழை ஒடித்தேன்.

மாசி 20, செவ்வாய்

கோயில் கொட்டகையில் ஊர்க் கூட்டம். ஜெசிந்தாம்மா மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் எழுந்து, "அப்ப எம்புள்ள பல்லு?" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கலியமூர்த்தி துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

"உக்காருங்க, எல்லாம் உக்காருங்க. நான் கேக்குறேன். முப்பது வருஷமா குடிக்காத தண்ணியா? இப்ப மெஷினு வரப்போவுதுன்னதும் வெஷமாயிடுச்சா? முன்ன வந்தவன் என்னா சொன்னான்? வயலுக்கு ஒண்ணும் ஆவாதுன்னான். அது பொய்யி. இவன் இன்னம் கெட்டிக்காரன். முதல்ல தண்ணிய வெஷம்பான். அப்பறம் குழாய எங்கிட்ட உடும்பான். அப்பறம் வேலி போடுவான். அப்பறம் நீயும் நானும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கிட்டு அம்மனப் பாக்கணும்."

"தலைவரே, மூணு எடத்துல சோதிச்சாச்சு. ஐஸ்லாந்துலயும் பாத்தாச்சு" என்றார்கள் ஜெசிந்தாம்மா.

"பாத்தவன் எல்லாம் ஒங்க ஆளுதானம்மா! மாப்ள வீட்டுக்காரனையே மாப்ள எப்படின்னு கேட்டா என்னா சொல்லுவான்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. எங்களிடம் இதற்கு முன்னால் வந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

அப்போது என் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. இந்த ஊர்ல பெரியம்மாவ விட அந்தத் தண்ணிய குடிச்சவங்க யாரு? அவங்களுக்குக் கெடுதல் பண்ணுச்சா, அந்தத் தண்ணி?"

எழுந்து நின்றேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. ஜெசிந்தாம்மாவும் பார்த்தார்கள். எலும்புப் படம் கண்ணுக்குள் வந்தது.

"தெரியல" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை குழாயைத் திறப்பது என்று முடிவு பண்ணினார்கள்.

மாசி 23, வெள்ளி

நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

காலையில் சத்தம் கேட்டது. பழைய சத்தம். பூட்டை உடைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். மாரிக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்து, "வந்துடுச்சி பாருங்க" என்றாள். கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் தப்பு அடித்துக்கொண்டு தெருவே வந்தது. முன்னால் கலியமூர்த்தி, தோளில் குடம், குடத்தின் வாயில் வேப்பிலை, கழுத்தில் மஞ்சள் துணி. ஆவி பறந்தது. முதல் விளக்கு ஏற்றினவளுக்கு முதல் குடம்.

"பெரியம்மா, ஒங்களுக்குத்தான் கொண்டாந்தோம். நீங்க வாய வச்சாத்தான் ஊரு குடிக்கும்."

"என் ராசா" என்றாள் அவள். "ஏங்க, செம்ப எடுங்க."

நான் செம்பை எடுத்தேன். பழக்கம்தானே, கை அதுவாக எடுத்துவிட்டது. கலியமூர்த்தி செம்பில் சாய்த்தான். குடத்துக்கும் செம்புக்குமாக ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் ஆறவைத்தான். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடிக்காத" என்றேன்.

தப்பு நின்றது.

"என்னா பெரியப்பா?"

"குடிக்காத மாரி. அந்தத் தண்ணிதான். வாதம் இல்ல. அந்தத் தண்ணிதான் ஒன்ன வளச்சிது. படத்துல பாத்தேன். ஒடம்பு பூரா சுண்ணாம்பா இருக்கு. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். தெனம்."

கலியமூர்த்தி என் கையைப் பிடித்தான். "காசு குடுத்தாங்களா ஒங்களுக்கு? சொல்லுங்க! அன்னைக்குத் தெரியலன்னீங்க, இன்னைக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அன்னைக்கும் தெரியும். சனிக்கிழமையே தெரியும். சொல்ல முடியல."

அவன் கையை விட்டான். என்னை அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

நான் மாரிக்கண்ணுவைப் பார்க்கவில்லை. அழுவாள், இல்லை காறித் துப்புவாள், எதுவாக இருந்தாலும் காது வழியாக வரட்டும் என்று மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "அந்தத் தண்ணியா?" என்றாள். மெதுவாக. "நெசமா, தண்ணிதானா?"

"ஆமா."

"நீங்க இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கினேன். அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் அழுகை இல்லை.

"நீங்க ஜெயிலுக்குப் போனீங்கள்ல, அப்ப எனக்கு நல்லா இருந்துச்சி. சோறு செரிச்சிது. தாவாரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்க வந்தீங்க, திரும்பப் புடிச்சிக்கிச்சி. கேரளாவுக்கு வேலைக்குப் போனப்பயும் அப்படித்தான். நீங்க பெரியவ வீட்டுக்குத் திருப்பூர் போயி நின்னப்பயும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும். நான் என்னான்னு நெனைக்கிறது? இந்த மனுஷன் வீட்டுல இல்லன்னா எனக்கு நல்லா இருக்கு, வந்தா நோவுதே, என்னாடி பொம்பள நீன்னு என்னையே திட்டிக்குவேன். நம்மளத் தாங்கு தாங்குன்னு தாங்குறாரு, நம்ம ஒடம்பு அவர வேண்டாங்குதேன்னு. யாருகிட்ட சொல்றது? அம்மன்கிட்டகூட சொன்னதில்ல."

சிரித்தாள். அத்தனை பேருக்கு முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "தண்ணியாம்! நீங்க இல்ல, தண்ணியாம்!"

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கலியமூர்த்தி குடத்தைத் தோளில் ஏற்றினான். அவன் பேத்தி, மூன்று வயசுப் பிள்ளை, அவன் காலைக் கட்டிக்கொண்டு காவிப் பல்லைக் காட்டி நின்றது. குனிந்து அதன் வாயைப் பார்த்தான். பிறகு தெரு வழியாகக் குடத்தோடு போனான். குடத்தை எங்கே ஊற்றினான் என்று தெரியவில்லை.

மாசி 24, சனி

ராத்திரி தூங்கவில்லை.

எனக்கு ஞாபகம் நிறைய. ஊரில் யாருக்கு எப்போது கல்யாணம், எந்தப் புயலில் எந்த மரம் விழுந்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள். ராத்திரி பூராவும் அதை வைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெயிலுக்குப் போனது ஆனி மாசம். திரும்பி வந்த அன்றைக்கு இவள் வாசலில் நின்று ஆலம் சுற்றினாள். நின்றுகொண்டுதான் சுற்றினாள். எனக்குத் தெரியும், அந்த ஆரத்தித் தட்டு என் நெற்றிக்கு நேரே இருந்தது. நாலு நாள் கழித்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கேரளாவிலிருந்து வந்தபோது அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "நான் இல்லாம நல்லா இருக்கியே" என்று கேலிகூடப் பண்ணினேன். அவள் முகம் செத்துப்போனது. வெட்கம் என்று நினைத்தேன். திருப்பூரிலிருந்து வந்த அன்றைக்கு, அசதியைக்கூடப் பார்க்காமல் நேரே குழாய்க்குப் போய்க் குடம் நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஒன்றுகூட மறக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது.

ஜெசிந்தாம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கலியமூர்த்தி ஆபீசுக்கு வந்திருந்தானாம். பிள்ளைகளுக்கெல்லாம் சோதனை பண்ண வேண்டும், முடிவை ஐஸ்லாந்துக்கு மட்டும் அனுப்பக் கூடாது, நாங்கள் சொல்கிற இடத்துக்கும் அனுப்ப வேண்டும் என்றானாம். இரண்டு தேசமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் காகிதத்தில் குடிக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அதை எழுதாமல் சக்கரத்தைத் தொடாதே என்றானாம். "எழுதித்தான் ஆகணும் ஐயா" என்றார்கள். குழாயை மறுபடி மூடிவிட்டார்கள். இந்தத் தடவை சுற்றினது கலியமூர்த்தியாம்.

மாசி 27, செவ்வாய்

மாரிக்கண்ணு இந்த நாலு நாளாக என்னிடம் நிறையப் பேசுகிறாள். பழைய கதை, பெரியவள் சங்கதி, குட்டிக்கு என்ன பேர் வைப்பது, எல்லாம். நான் கேட்டுக்கொண்டே குட்டிக்குப் பால் வைக்கிறேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும். அவளிடம் டாக்டர் நேரிலேயே சொல்லிவிட்டார். "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

கோபம் இல்லையா என்று கேட்டேன். கேட்க மூன்று நாள் ஆனது.

"இருக்கு" என்றாள். "அப்பறம் படுறேன். இப்ப நல்லா இருக்கேன்ல, கெடுக்காதீங்க."

மத்தியானம் கீற்று வாங்க மறுபடி கிளம்பினேன். சட்டையை மாட்டிக்கொண்டு நிலையைத் தாண்டிவிட்டேன். உள்ளேயிருந்து, "ஏங்க" என்றாள்.

"என்னா?"

"சீக்கிரம் வந்துடுங்க."

இந்த வீட்டிலிருந்து நான் எத்தனையோ தடவை வெளியே போயிருக்கிறேன். ஜெயிலுக்குப் போயிருக்கிறேன், பிழைக்கப் போயிருக்கிறேன், சும்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறேன். எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். இவள் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

வெயிலில் அங்கேயே நின்றுவிட்டேன். கீற்று வாங்கப் போகவில்லை.